அம்மாவின் கேஸட்

பழமையை விலைக்கு வாங்க முடியுமா என்று யாராவது கேட்டிருந்தால், இத்தனை நாளும் சிரித்திருப்பேன். சென்ற மாதம் அம்பத்தூரில், அக்கா வீட்டு மாடியில், அதைக் காதாலேயே கேட்டுவிட்டேன்.

அக்காவின் பிள்ளை அங்கே ஒரு கம்ப்யூட்டரையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் வைத்துக்கொண்டு பாட்டுகளை 'மிக்ஸ்' செய்து கொடுக்கிறான். தொழிற்பேட்டை லாரிகளின் இரைச்சல் நுழையாமலிருக்க ஜன்னலில் ஒரு பழைய மெத்தையைச் சாத்தியிருந்தான்.

"மாமா, அம்மா பாடினதைக் கேளுங்க" என்றான்.

அக்காவின் தாலாட்டு. எங்கள் அம்மாவிடம் கற்றுக்கொண்டது. குரல் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது; எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"இப்போ கேளுங்க."

திரையில் ஒரு டேப் ரிகார்டரின் படம் வந்தது. ஸ்டூடர் ஜே37 என்ற ஸ்விட்சர்லாந்து யந்திரமாம். 1967இல் வெளிவந்த பீட்டில்ஸ் கோஷ்டியின் 'சார்ஜெண்ட் பெப்பர்' இசைத்தட்டு லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் அதில்தான் பதிவாயிற்று. யந்திரத்தை விட்டுவிட்டு அதன் குணத்தை மட்டும் கணக்காக்கி, 'ப்ளக்-இன்' என்று விற்கிறார்கள். பையன் ஒரு குமிழைத் திருகினான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடியது அம்மா!

"நாடாவிலே பூசியிருக்கிறது இரும்பு ஆக்ஸைடுத் தூள், மாமா. சத்தம் ஏற ஏறக் காந்தம் ஏறும். ஓரளவுக்கு மேலே ஏற இடம் கிடையாது. அப்போ ஒலியோட உச்சி மெதுவா மழுங்கும். மூலத்தில் இல்லாத சில மேல்சுரங்கள் வந்து ஒட்டிக்கும். கம்ப்யூட்டர்லே எல்லை தாண்டினா உச்சியைக் கத்தியால வெட்டின மாதிரி கரகரக்கும். அது நாடாவோட குறைதான். ஆனா, அதைத்தான் நம்ம காது கதகதப்புன்னு சொல்லுது."

பொய்க்குக் கண்ணீர் விட்டோமே என்று அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. கதைகளில் நானும் இதே குமிழைத்தான் திருகிக்கொண்டிருக்கிறேன். அதைவிட வேறொரு காரணமும் உண்டு.

ஆவடியில் நாங்கள் குடியிருந்தபோது, அம்மா பாடியதை அப்பா ஒரு கேஸட்டில் பதிந்து வைத்திருந்தார். யாரும் அழித்துவிடக் கூடாதென்று அதன் முதுகிலிருந்த பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிட்டார். 1992இல் 'ரோஜா' பாட்டுகளைப் பதிந்துகொள்ள எனக்கு ஒரு கேஸட் தேவைப்பட்டது. வயது பதினொன்று. துவாரத்தின் மேல் செல்லோடேப்பை ஒட்டினேன். ரிகார்டரில் பதியும் முனைக்கு முன்னாலேயே அழிக்கும் முனை ஒன்று இருக்கிறது; அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. 'நாடா சிக்கிக்கொண்டது' என்று வீட்டில் சொன்னேன். அடுத்த வருஷம் அம்மா போய்விட்டாள்.

காபியோடு மாடியேறி வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா மாதிரியே இருக்குடா! அந்தக் கேஸட் மட்டும் சிக்காம இருந்திருந்தா..."

"இப்படியே வெச்சுடவா மாமா?" என்றான் பையன்.

"உங்க அம்மாவைக் கேளு" என்று சொல்லிக் காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் அக்கா. இதையும் படிப்பாள். முப்பது வருஷத்துக்கு மேலாக நேரில் சொல்ல வராததை அச்சில் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூருக்குப் போக வேண்டும்.