மூன்று நாளில் எத்தனை படம்?

எங்கள் அடி அண்ணாமலையிலிருந்து கார்த்திகை மாதத்தில் கிளம்புவது லேசான காரியமா? கிரிவலப் பாதையில் வீடு. தீபத்துக்கு வந்த உறவுக்காரர்கள் போய், அண்டா குண்டான்களைக் கழுவிக் கவிழ்க்கவே இரண்டு நாள் ஆகும். 2019-ல் டிசம்பர் 10-ம் தேதி தீபம். 12-ம் தேதி சென்னையில் சர்வதேசத் திரைப்பட விழா ஆரம்பம்.

"முதல் நாளே வந்துடுங்க அண்ணி, 'பாரசைட்' போடறான்!" என்று திருவல்லிக்கேணியிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். கொரியப் படம்; அந்த வருஷம் மே மாதம் கான் விழாவில் முதல் பரிசு வாங்கியது. மாமியாரோ, "மூணு நாள் போயிட்டு வா. அதுக்கு மேலே என்னால அடுப்படியில நிக்க முடியாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் 13-ம் தேதிதான் போனேன். அவ்வளவு பெயர் வாங்கின படம் எப்படியும் தியேட்டருக்கு வரும் என்பது என் கணக்கு. அடுத்த மாதக் கடைசியிலேயே வந்தது.

இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2003 முதல் நடத்திவரும் விழா இது. எட்டு நாளில் நூற்றுக்கு மேல் படங்கள். ஒரே பாஸில் எல்லா அரங்குக்கும் போகலாம். ஆனால் ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் ஓடுகிறதே! ஒன்றைப் பார்த்தால் மற்றதெல்லாம் போச்சு.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அட்டவணையும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். நாத்தனார் பரிசு வாங்கியதையெல்லாம் வட்டமிட்டாள். நான் முதலில் பார்த்தது படத்தின் நீளத்தை. வெளிநாட்டுப் படத்துக்கு இடைவேளை கிடையாது, சகோதரிகளே! மூன்று மணி நேரப் படமென்றால் நம் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அடுத்தது கதைச் சுருக்கம். இங்கே வருபவை தணிக்கைச் சான்றிலிருந்து விலக்குப் பெற்றவை, வெட்டில்லாமல் ஓடும். குழந்தையைப் பறிகொடுக்கிற கதை ஒன்றிருந்தது. நல்ல படமாகத்தான் இருக்கும், எனக்குத் தாங்காது என்று அடித்துவிட்டேன்.

அப்புறம் எழுத்து. எந்த நாட்டுப் பேச்சானாலும் கீழே இங்கிலீஷில்தான் போடுவார்கள். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. கோர்ட்டு, அரசியல் என்று பேசிக்கொண்டே இருக்கும் படத்தில் முதல் வரியைப் படிப்பதற்குள் அடுத்தது ஓடிவிடும். ஆகவே கிராமம், குடும்பம், பள்ளிக்கூடம் என்று தேடினேன். இரானியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) முன்பே பார்த்திருக்கிறேன். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். அதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு?

ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றேன். கண் எரியும், தலை வலிக்கும். தேவியும் அண்ணாவும் மவுண்ட் ரோட்டிலேயே இருப்பதால் ஆட்டோச் செலவும் மிச்சம்.

இரண்டாம் நாள் மத்தியானம்தான் தகராறு. அவளுக்கு ஒரு பரிசுப் படம். அதே நேரத்தில் எனக்கு ஓர் இரானியப் படம். "தனியாவா போவீங்க?" என்றாள். போனேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் தியேட்டரில் தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் யாருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துத் தர வேண்டியதில்லை, யாரும் "போலாமா?" என்று கேட்கவில்லை.

அன்று ராத்திரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள் தன் படத்தின் கதையை முழுசாகச் சொன்னாள். "உங்க படத்துல என்ன கதை?" என்றாள். கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வீட்டு அம்மா ரொட்டி சுட்ட விதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.