‘ஐயா’ என்று இழுத்த நொடி

போச்சம்பள்ளியில் ஞாயிறு என்றால் சந்தை. சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு, அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து மகளுடன் பஸ் பிடிப்பேன். அவள் ஏர் ரைஃபிள் பழகும் கிளப்பில், சம்பளமில்லாமல் சுடுதளப் பாதுகாப்பைப் பார்க்கும் ரேஞ்ச் ஆஃபீசராக நிற்க நானும் பயிற்சி எடுத்தேன்.

பாடம் எளிதாகவே வந்தது. லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட் என்று நான்கு கட்டளைகள். சுட்டு முடித்ததும் குழலுக்குள் ஆரஞ்சு நூலைச் செருக வேண்டும். மறுமுனையில் நூல் தெரிந்தால்தான் உள்ளே குண்டு இல்லை என்று பொருள். “காலியாத்தான் இருக்கு” என்ற வாய்ப்பேச்சு அங்கே செல்லாது.

ஒருநாள் இலக்கு அட்டையை இழுக்கும் கயிறு சிக்கிக்கொண்டது. என் அப்பா வயதுள்ள ஒருவர் அதை எடுத்துவிடச் சுடும் கோட்டைத் தாண்டி இறங்கினார். இரண்டு தடம் தள்ளி ஒரு பையன் துப்பாக்கியைத் தோளில் ஏற்றியிருந்தான்.

“ஐயா... கொஞ்சம்...” என்று முனகினேன். அதற்கு மேல் குரல் எழவில்லை.

“ஸ்டாப்!” பின்னாலிருந்து பயிற்சியாளர் கத்தினார். பையன் விரலை எடுத்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கைநடுக்கம் மட்டும் நிற்கவே இல்லை.

பயிற்சியாளர் என்னைத் திட்டவில்லை. கணக்குச் சொன்னார்: “4.5 மில்லிமீட்டர் குண்டு. நொடிக்குச் சுமார் 170 மீட்டர் போகும். இந்த 10 மீட்டருக்கு நொடியில பத்துல ஒரு பங்குகூட வேண்டாம். நீங்க ‘ஐயா’வை முடிக்கறதுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கும்.”

திரும்பும் வழியெல்லாம் அப்பா நினைவு. கல் குவாரியில் வெடி வைக்கும்போது சிவப்புக் கொடியோடு பாதையை மறித்து நிற்பது அவர் வேலை. முதலாளியைக் கண்டால் தோள்துண்டை இறக்கிவிடும் மனிதர், அந்த நேரத்தில் முதலாளி ஜீப்பையே “நில்லு!” என்று அதட்டுவார். சிறுவயதில் அதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கும். அதைவிடப் பெரிய மரியாதையை அவர் அந்த முதலாளிக்குச் செய்ததில்லை என்று அன்றுதான் விளங்கியது. நானோ, ஒரு பெரியவரின் மனம் நோகக் கூடாதென்று அவர் உயிரைப் பணயம் வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “கத்தியிருக்கணும், தம்பி” என்றார்.

சில வாரம் கழித்து அதே பெரியவர், நூல் செருகாமல் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

“ஐயா, நூல்!”

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் மறுபேச்சின்றித் திரும்பி வந்து செருகினார். குழலின் வாயில் ஆரஞ்சு நுனி தெரியும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.