காது மறைக்கும் குல்லா
(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

உதகையில் குளிர்காலம் பிறந்துவிட்டது என்பதை நாட்காட்டி பார்த்து அறிய வேண்டியதில்லை. தலைகளைப் பார்த்தால் போதும். டிசம்பர் தொடக்கத்தில் மப்ளர்கள் முளைக்கும். அடுத்து குரங்குக் குல்லாக்கள் இறங்கும். புல்வெளியில் உறைபனி உப்புத் தூவியது போல் கிடக்கும் ஜனவரிக் காலைகளில், முதல் மணி வகுப்புக்கு வரும் பேராசிரியர் யார் என்பதை மூக்கைக் கொண்டுதான் அடையாளம் காண வேண்டும். இத்தனை குல்லாக்கள் நடமாடும் ஊரில் ஒரு குல்லாவைப் பற்றி எழுதுவது குற்றமாகாது என்றே எண்ணுகிறேன். அதுவும் நானே பின்னிய குல்லா. நண்பர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

குல்லா என் அம்மாவுக்காகப் பின்னப்பட்டது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். 1964-ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வாழ்வளிக்க, 1968-இல் நம் மாநில அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. என் பாட்டி அப்படித் திரும்பியவர்களுள் ஒருவர். பாட்டி எடுத்தது கொழுந்து. அம்மா எடுப்பதும் கொழுந்து. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பனிக் காலத்தில் அம்மாவுக்குக் காதுவலி வரும். இரவில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்து, “காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். காதுமடல் மெல்லியது, கொழுப்பு மிகக் குறைவு, இருபுறமும் காற்று படும். உடம்பில் விரைந்து குளிரும் உறுப்புகளுள் அது ஒன்று.

கடையில் ஒரு குரங்குக் குல்லா வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். அம்மா அதை இரண்டு நாள் அணிந்துவிட்டுக் கழற்றி வைத்துவிட்டார்.

“அதப் போட்டா ஒண்ணும் கேக்க மாட்டேங்குதுப்பா. காட்டெருமை மூச்சு விடுறது கேட்டாத்தானே வெலகி நிக்க முடியும்?”

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் செடியும் தெரியாது, மாடும் தெரியாது. எங்கள் மலையில் கொழுந்து எடுக்கப் போன இடத்தில் காட்டெருமையிடமும் கரடியிடமும் சிக்கியவர்கள் கதையில் வருகிறவர்கள் அல்லர், அடுத்த லயத்தில் இருப்பவர்கள். மப்ளர் சுற்றினாலோ அதன் நுனி செடியில் மாட்டி இழுக்கும். ஆகவே அம்மாவுக்கு வேண்டியது காதை மூடவும் வேண்டும், நினைத்த மாத்திரத்தில் திறக்கவும் வேண்டும். இருபுறமும் மடல் தொங்கி, நுனியில் கயிறு வைத்த குல்லாதான் அதற்குச் சரி. கயிற்றை மோவாய்க்குக் கீழே கட்டலாம். மடலைத் தூக்கி உச்சியிலும் முடிச்சுப் போடலாம்.

எங்கள் லயத்தில் பணத்துக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன். “ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குய்யா இது? நூலக் குடு, நானே போட்டுத் தாரேன்” என்றார். கற்றுக்கொடுத்தால் போதும் என்றேன். பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஊசிகளை நீட்டினார். நிட், பர்ல் இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கைக்கு வந்தன. பிறகு பேருந்தில் பின்னினேன். மகளிர் கல்லூரி வண்டியாக இருந்தால் எவரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வண்டியில் எனக்கு ‘பாட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அந்த நண்பர்களுக்காக ஒரு செய்தி. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு எல்லையில், கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாக்கா என்ற ஏரி உள்ளது. அதிலுள்ள தக்கீலே தீவில் குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. பையன்கள் சிறு வயதிலேயே ஊசி பிடித்துவிடுவார்கள். மணமாகாதவனின் குல்லாவில் சிவப்போடு வெள்ளை இருக்கும், மணமானவன் குல்லா முழுச் சிவப்பு. அத்தீவின் நெசவும் பின்னலும் சேர்ந்த கலையை 2005-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஆண்டீஸ் மலை மக்களின் காதுமடல் வைத்த குல்லாவுக்குச் ‘சுல்லோ’ என்று பெயர். நம் ‘குல்லா’வின் தம்பி போல ஒலித்தாலும் உறவில்லை, அது கெச்சுவா மொழிச் சொல், நம்முடையது பாரசீகத்திலிருந்து வந்தது.

இனி நூல். கடையில் ‘சுத்தக் கம்பளி’ என்று ஒரு வெள்ளைப் பந்தை விற்றார்கள். பெரியம்மா ஒரு முழத் துண்டை அறுத்துத் தீக்குச்சியைக் காட்டினார். கம்பளியாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை நசுக்கினால் பொடியாகும். இது உருகி, கறுப்பு மணியாக இறுகிற்று. அக்ரிலிக்! விலை குறைவு, துவைக்க எளிது, கெட்ட சரக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. சாரலில் நிற்கும் தலைக்கு அதுதான் வேண்டும்.

நல்ல கம்பளி எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஒன்று, ஆறாம் வகுப்பில் எனக்காக அம்மா சொல்லிப் பின்னவைத்த நீலப் பள்ளி ஸ்வெட்டர். மற்றொன்று அப்பாவுடையது, அரக்கு நிறம். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதை நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அம்மாவே பெட்டியைத் திறந்து எடுத்து, “உள்ள கெடந்து பூச்சி அரிக்கிறதுக்கு, பிரிச்சுக்க” என்று என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பூச்சி உண்மையில் அரித்திருந்தது. (அக்ரிலிக்கைப் பூச்சி தின்பதில்லை. அப்பா ஏமாறவில்லை.)

கையால் பின்னிய ஸ்வெட்டரைப் பிரித்தால் நூல் நீளமாக வரும்; துணியாக வெட்டித் தைத்ததில் துண்டு துண்டாகத்தான் வரும். எங்களுடையவை கைப்பின்னல். ஆயினும் பூச்சி அரித்த இடந்தோறும் அரக்கு நூல் அறுந்தது. அறுந்த இரு நுனிகளையும் பிரித்து, ஈரம் தொட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கையில் வேகமாகத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். முடிச்சே வேண்டாம். பதினேழு இடங்களில் அப்படி ஒட்டினேன். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடியில் கனம் கட்டித் தொங்கவிட்டால் நிமிரும். மூன்றாம் நிறத்துக்குப் பெரியம்மா தம் மிச்சப் பந்திலிருந்து வெள்ளைக் கம்பளி கொடுத்தார். எந்த நிறமும் ஒரு முழுக் குல்லாவுக்குப் போதாது. கோடு போட்ட குல்லா பிறந்தது அழகுக்காக அன்று, பற்றாக்குறையால்.

கணக்கு இதுதான். ஓர் அங்குலத்துக்கு 5 கண்ணி, 7 வரிசை. அம்மாவின் தலைச் சுற்றளவு 21 அங்குலம். பின்னல் இழுபடும் என்பதால் 19 அங்குலம் போதும். ஆக 96 கண்ணி. முதலில் மடல்கள்: 4 கண்ணியில் தொடங்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் இரண்டிரண்டாகக் கூட்டி, 20 ஆனதும் நேராகப் போகவேண்டும். மடல் முழுவதும் இருபுறமும் நிட். அப்போதுதான் ஓரம் சுருளாது, தூக்கிக் கட்டும்போது உட்புறமும் வெளிப்புறம் போலவே இருக்கும். பிறகு நெற்றிக்கு 32, பிடரிக்கு 24 கண்ணி புதிதாக ஏற்றி, இரு மடல்களையும் சேர்த்தால் 96. மூன்று ஊசிகளில் 32 வீதம் பகிர்ந்து, நான்காவதால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். ஐந்தைந்து சுற்றுக்கு ஒரு நிறமாக ஏழு கோடுகள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. சுற்றிப் பின்னும் கோடு என்றும் வட்டமாக முடிவதில்லை. ஒரு சுற்று முடியும் இடம் தொடங்கிய இடத்துக்கு ஒரு வரிசை மேலே இருக்கும். நாம் பகுமுறை வடிவகணிதத்தில் பார்க்கும் திருகுசுருளேதான். குல்லா முழுவதும் ஒரே மாடிப்படி. ஆகவே நிறம் மாறும் இடத்தில் ஒரு படி தெரியும். புது நிறத்தின் இரண்டாம் சுற்றில் முதல் கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிவிட்டால் படி சற்று மறையும். அதையும் பிடரிப் பக்கம் வைத்துவிட்டால் பார்ப்பவர் எவருமில்லை.

உச்சியை மூடும்போது பெரியம்மா, “ஒரு சுத்து விட்டு ஒரு சுத்துல எட்டெட்டாக் கொறை” என்றார். ஏன் எட்டு? அவருக்குத் தெரியாது, அப்படித்தான். நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். தட்டையான வட்டத்தில் ஆரம் ஒரு வரிசை, அதாவது 1/7 அங்குலம், சுருங்கினால் சுற்றளவு 2π/7, ஏறத்தாழ 0.9 அங்குலம் சுருங்கும். அங்குலத்துக்கு 5 கண்ணி வீதம் அது நாலரைக் கண்ணி. பெரியம்மாவின் கணக்கோ இரண்டு சுற்றுக்கு எட்டு, சுற்றுக்கு நாலு. அந்த அரைக் கண்ணியை விட்டுவைப்பதால்தான் உச்சி தட்டு போல் ஆகாமல் சற்றே குவிகிறது. பதினோரு முறை குறைத்ததும் 8 கண்ணி மிஞ்சிற்று. நூலைக் கோத்து இறுக்கினேன். பை என்ற எழுத்தைக் கண்டிராத பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அதான் நான் அப்பயே சொன்னேனே” என்றார். மறுக்க முடியவில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு குல்லா முடிந்தது. அம்மா அதைப் போட்டுக்கொண்டதும் முதலில் தடவிப் பார்த்தது அரக்குக் கோட்டை. பிறகு கொழுந்துப் பையின் வாரை நெற்றியில் மாட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, வேலைக்குப் புறப்பட்டார். காட்டுப் பக்கம் இருக்கும் நிரைகளில் நிற்கும்போது அந்தப் பக்கத்து மடலை மட்டும் தூக்கி உச்சியில் செருகிவிடுகிறாராம். மறு மடல் கீழேதான். ஒரு காது குளிருக்கு, ஒரு காது காட்டெருமைக்கு. வறுத்த உப்பின் வாசனை இந்த ஆண்டு எங்கள் வீட்டில் இரண்டு இரவுகள்தான் வந்தது.

இப்போது அம்மாவுடன் கொழுந்து எடுக்கும் அத்தை ஒருவர் பச்சையும் மஞ்சளுமாக ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தலையும் பெரிது, கொண்டையும் பெரிது. 104 கண்ணி ஏற்றியிருக்கிறேன். அதுவும் எட்டால் வகுபடும்.