செத்தது போர்ட்டா, கம்ப்யூட்டரா?

மவுஸ் திடீரென்று நின்றுவிடும். பென் டிரைவைச் செருகினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. "யு.எஸ்.பி. டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு" என்று மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். உடனே வீட்டில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: "இதைக் காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்கு!"

பழைய டெஸ்க்டாப் இருக்கும் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். வேம்பார் மாதிரி கடற்கரை ஊரில் கொஞ்சம் சீக்கிரமே நடக்கும். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் உப்பளம். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, சி.பி.யூ. பெட்டிக்குள் நடப்பது தெரிவதில்லை.

யு.எஸ்.பி. 1996-ல் வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் வதோதராவில் படித்த அஜய் பட். பழைய போர்ட்டுக்குள் இருப்பது நாலே நாலு தகடு. ஓரத்து இரண்டில் 5 வோல்ட்டும் கிரவுண்டும். நடு இரண்டும் டேட்டாவுக்கு. செருகி எடுக்க எடுக்க மேல்பூச்சு தேயும். குறைந்தது 1,500 முறை தாங்க வேண்டும் என்பது விதி. தினம் இரண்டு தடவை என்றால் இரண்டு வருஷக் கணக்கு! பூச்சு போன இடத்தில் உப்பு உட்கார்ந்துகொள்ளும்.

சரி, என்ன செய்யலாம்? காசு செலவில்லாததில் இருந்து ஆரம்பிப்போம்.

1. அதே பென் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

2. முன்பக்கம் வேலை செய்யாவிட்டால் பின்பக்கம் செருகுங்கள். பின்பக்க போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது. முன்பக்கத்துக்கு ஒரு ஒயர் போகிறது. அந்த ஒயர் லூஸாக இருக்கலாம்.

3. ஷட்டவுன் செய்து, பவர் கேபிளை உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்து சில போர்ட்கள் உயிர் பெறும்.

4. டிவைஸ் மேனேஜரில் 'யு.எஸ்.பி. ரூட் ஹப்'பை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். மவுஸும் கீபோர்டும் யு.எஸ்.பி.யாக இருந்தால் நடுவில் இரண்டும் செத்துவிடும், ஜாக்கிரதை!

5. லினக்ஸ் சி.டி. போட்டு பூட் செய்து பாருங்கள். அங்கே போர்ட் ஓடினால் கோளாறு சாஃப்ட்வேரில். அங்கேயும் ஓடாவிட்டால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பச்சை பூத்திருந்தால், கரண்ட்டைத் துண்டித்துவிட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டவே வேண்டாம்.

எதற்கும் மசியவில்லையா? சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. கார்டு கிடைக்கும். உங்கள் போர்டில் பி.சி.ஐ. ஸ்லாட்டா, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸா என்று பார்த்து வாங்கிச் செருகினால் புது போர்ட்கள் தயார்.

இனி நம்ம காமர்ஸ் கணக்கு. தொழிலுக்கு வாங்கிய கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40 சதவீத தேய்மானம். 30,000 ரூபாய் கம்ப்யூட்டர் 5 வருஷத்தில் புத்தகத்தில் 2,333 ரூபாய்தான். ஆனால் அதே ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் அக்கா கல்யாண போட்டோவுக்கும் அப்பாவின் மூன்று வருஷ டாலி கணக்குக்கும் என்ன தேய்மானம் போடுவீர்கள்?

அதனால் ஒரு போர்ட் போனதுமே, மிச்சமிருக்கும் போர்ட்டில் முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுங்கள். ரிப்பேர் அப்புறம். எல்லா போர்ட்டும் போய்விட்டாலும் பதற வேண்டாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். அதைச் செய்யாமல் மட்டும் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள், மக்கா!