வளர்தலும் சிதைதலும்

எங்கள் இருவருக்கும் திருமணமாகி முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஒருமுறைகூடக் கேள்விக்கு உட்படாத உண்மை ஒன்று இருந்தது. எங்களில் ஒருவருக்கு எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது; மற்றவருக்குத் தண்ணீர் குடித்தாலே உடம்பு போடும். ஒட்டாதவர் கணவர், உடம்பு போடுபவர் மனைவி. இக்கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம் என்பதால் 'நான்' என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. யார் பக்கம் நியாயம் என்பதை வாசக நண்பர்கள் கடைசியில் தீர்மானித்துக்கொள்ளலாம்.

மயிலாப்பூர் மாட வீதிகளின் அருகே குடியிருந்துகொண்டு நாவைக் கட்டுவது எளிதன்று. மாலையில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால், நடையில் செலவானதைக் காட்டிலும் வழியில் வாங்கித் தின்றது அதிகமாக இருக்கும். கணவர் நான்கு பஜ்ஜியைக் கவலையின்றி உள்ளே தள்ளுவார். மனைவி ஒன்றைப் பாதியாகப் பிட்டு, அதையும் ஏதோ திருட்டுப் பொருளைப் போல வாயில் போட்டுக்கொள்வார். "உனக்கு மெட்டபாலிசம் மந்தம். எனக்கு வேகம். அவரவர் வாங்கி வந்த வரம்" என்பது கணவரின் வழக்கமான தீர்ப்பு. மனைவியும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார் என்பதைத்தான் இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'வளர்சிதை மாற்றம்' என்று அழகான பெயர் இருப்பதை நினைவூட்டியவர், நாகேஸ்வரராவ் பூங்காவில் எங்களுக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். கிரேக்க மூலத்தில் அச்சொல்லுக்கு 'மாற்றம்' என்று மட்டுமே பொருள். தமிழில் பெயரிட்டவர்களோ அதனுள் நடக்கும் இரண்டு வேலைகளையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். உண்டதைக் கொண்டு உடலைக் கட்டுவது வளர்மாற்றம். கட்டியதையும் சேமித்ததையும் உடைத்து ஆற்றல் பெறுவது சிதைமாற்றம். "இரண்டும் சேர்ந்தது தானம்மா உயிர். இதில் ஒன்றை மட்டும் முடுக்கிவிடப் போகிறேன் என்று கிளம்புகிறவனிடம் எச்சரிக்கையாக இருங்கள்" என்றார். நாங்கள் எச்சரிக்கையாக இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டு மனைவிக்கு ஐம்பத்திரண்டு வயது. எடை 71 கிலோ. உயரம் 155 சென்டிமீட்டர். தி.நகரில் ஒரு மாடியறையில் நடந்த கூட்டத்திற்கு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அழைத்துப் போனார். நாற்பதைத் தாண்டினால் வளர்சிதை மாற்றம் படுத்துவிடும் என்றும், தங்கள் மாவுப்பொடி அதைத் தட்டி எழுப்பும் என்றும் அங்கே சொன்னார்கள். காலையும் இரவும் பொடிக் கரைசல், மதியம் ஒரு கிண்ணம் காய்கறி. பசித்தால் வெந்நீர் அல்லது கிரீன் டீ. ஐந்து மாதங்களில் எட்டுக் கிலோ குறைந்தது. தெருவில் எல்லோரும் பாராட்டினார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படியில் மனைவி மயங்கி விழுந்தார். முன்பின் அறியாத இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அத்துடன் பொடியை நிறுத்தினோம். அடுத்த தீபாவளிக்குள் குறைந்த எட்டும் திரும்பி வந்து, கூடவே ஒன்றும் சேர்ந்துகொண்டது.

"இந்த உடம்பே என்னை ஏமாற்றுகிறது" என்றார் மனைவி. அப்போதும் குற்றம் பொடியின் மேல் விழவில்லை; அவர் உடம்பின் மேல்தான் விழுந்தது.

உண்மையில் அந்த உடம்பு ஏமாற்றவில்லை, தற்காத்துக்கொண்டது. அமெரிக்காவில் எடைக் குறைப்புப் போட்டித் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்னும் ஆய்வாளரின் குழு மீண்டும் சோதித்தது. முடிவு 2016இல் வெளியானது. பெரும்பாலோருக்கு இழந்த எடையில் கணிசமான பகுதி திரும்பியிருந்தது. ஆனால் ஓய்வில் அவர்கள் உடல் செலவிடும் ஆற்றலோ, அந்த உடலுக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே நின்றது. கடும் பட்டினியைப் பஞ்சம் என்று புரிந்துகொண்டு உடல் செலவைச் சுருக்கிவிடுகிறது. வேகப்படுத்துகிறோம் என்று நாங்கள் செய்ததும் உடம்பை மந்தப்படுத்தும் வேலையாகவே இருந்திருக்கக்கூடும்.

2024இல் மகள் வற்புறுத்தியதால் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். மனைவிக்குப் பயந்துதான் போனோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு மனைவிக்கு 5.8, அதாவது எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டியிருந்தது. கணவருக்கு 7.2. நீரிழிவு என்று சொல்ல 6.5 போதும். தாளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தோம். மந்தைவெளியில் எங்களுக்கு நீண்டகாலமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவர் ஒன்றும் பேசாமல் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்துக் கணவரின் இடுப்பைச் சுற்றினார். 96 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும், பெண்களுக்கு 80. "சட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் சார்" என்றார்.

அன்று மாலை வீட்டில் யாரும் பஜ்ஜி கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாட்கள் அதிகம் பேசவும் இல்லை. வரம் என்று நினைத்திருந்தது வரமில்லை என்பதை ஏற்க ஒருவருக்கு நேரம் தேவைப்பட்டது. முப்பது ஆண்டுகள் சுமந்த பழியில் பாதி பொய் என்பதை நம்ப மற்றவருக்கும் நேரம் தேவைப்பட்டது.

பிறகு இருவரும் படிக்கத் தொடங்கினோம். கணவரைப் போன்ற உடம்புக்கு மருத்துவ இலக்கியத்தில் தனி இடமே உண்டு. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையும் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் உடற்கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் கணவரைப் போன்ற ஒல்லிகளும் உண்டு.

எங்களை அதிகம் வியக்கவைத்தது வேறொன்று. சென்னைப் பெண்களின் வளர்சிதை மாற்றம் மந்தமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் பிறந்ததன்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, 1915இல் தொடங்கப்பட்ட, நுங்கம்பாக்கத்தில் உள்ள மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன் என்னும் பேராசிரியர் அதை அளந்து பார்த்திருக்கிறார். அவருடன் சேர்ந்து எழுதியவர், பாஸ்டனில் கார்னகி நிறுவனத்தின் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய பிரான்சிஸ் பெனடிக்ட். இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் பயன்படும் ஹாரிஸ்-பெனடிக்ட் சூத்திரத்தில் (1919) உள்ள அதே பெனடிக்ட்தான். முந்திய இரவிலிருந்து ஒன்றும் உண்ணாமல், காலையில் அசையாமல் விழித்துப் படுத்திருக்கும் ஒருவர் எவ்வளவு பிராணவாயுவைச் செலவிடுகிறார் என்று அளப்பதே இத்தகைய சோதனையின் முறை. தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் பற்றிய அவர்களது கட்டுரை 1931இல் வந்தது. மேலைநாட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தபோது நம் பெண்களின் அளவு தெளிவாகக் குறைந்திருந்தது.

காரணம் வெயிலா, உணவா, இனமா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. பின்னர் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் பணியாற்றிய மரியோ சோரஸ் முதலானோர் கேள்வியையே சற்று மாற்றினார்கள். மொத்த எடையைப் பார்க்காமல், கொழுப்பு நீங்கிய உடல் எவ்வளவு, அதாவது தசையும் உறுப்புகளும் எவ்வளவு என்று பார்த்தார்கள். இந்தியர்களையும் ஆஸ்திரேலியர்களையும் ஒப்பிட்ட அவர்களது 1998ஆம் ஆண்டு ஆய்வில், அப்படிக் கணக்கிட்டபோது இன வேறுபாடு காணப்படவில்லை. அடுப்பு மந்தமாக எரியவில்லை, அடுப்பே சிறியது.

நாற்பதுக்கு மேல் எல்லாம் படுத்துவிடும் என்ற மாடியறைப் பேச்சும் நிற்கவில்லை. 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் தொகுத்து 2021இல் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, உடலின் அளவையும் கட்டமைப்பையும் கணக்கில் கொண்டால் இருபது வயதிலிருந்து அறுபது வரை வளர்சிதை மாற்றம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. அதன்பிறகே மெல்லக் குறைகிறது. ஐம்பதில் இடுப்பு பெருப்பதற்கு நாம் தேட வேண்டிய காரணங்கள் வேறு: குறைந்துபோன நடை, கரைந்துபோன தசை, மாறாத தட்டு. தைராய்டுக் குறைபாடு உண்மையான நோய். அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்தும் தரலாம். மனைவிக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் வளர்சிதை மாற்றத்தைக் கூட்டவே முடியாதா? முடியும், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் சுமார் 13 கலோரியும், ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4.5 கலோரியும் செலவிடுகின்றன. அரும்பாடுபட்டு இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் கிடைக்கும் 26 கலோரி ஒரு சிறிய இட்லிக்குக்கூடக் காணாது. கிரீன் டீயும் மிளகாயும் தருவது அதனினும் சொற்பம். புரதத்தைச் செரிக்க உடல் சற்று அதிகம் செலவிடுகிறது என்பது உண்மை. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று முன்னோர் சொன்னதில் அந்த அளவுக்குப் பொருள் இருக்கலாம். ஆனால் நான்கு பஜ்ஜியை ஒரு கிண்ணம் கொள்ளுச் சாறு எரித்துவிடாது.

எங்களுக்கு நம்பிக்கை தந்தது, இதே சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஒன்றும் செய்யாதோரில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவையும் திருத்திக்கொண்டோரில் அது 39.3 சதவீதம். திருத்திக்கொண்டவர்களின் எடை பெரிதாகக் குறையவேயில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எடைக்கருவி அசையாதபோதும் உள்ளே நல்லது நடந்துகொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக நாங்கள் தவறான முள்ளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது காலையில் பூங்காவில் முக்கால் மணி நேரம் நடக்கிறோம். அமிர்தாஞ்சனம் தந்தவரின் பெயரைத் தாங்கிய அப்பூங்காவின் வாயிலில் விற்கும் அருகம்புல் சாற்றையும் வாழைத்தண்டுச் சாற்றையும் ருசிக்காக எப்போதாவது குடிக்கிறோம்; அற்புதத்தை எதிர்பார்த்து இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு தாண்டிப் போய், பெசன்ட் நகரில் அரசு 2023 நவம்பரில் திறந்த எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையில் முடிந்த தூரம். வாரம் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவதும். தட்டில் சோறு பாதியாயிற்று. பருப்பும் சுண்டலும் கூடின. இரவில் பட்டினி கிடையாது.

பத்து மாதங்களில் மனைவியின் எடை இரண்டரைக் கிலோதான் குறைந்தது. கூட்டத்தில் கைதட்டல் வாங்கும் கணக்கு இல்லை இது. ஆனால் சர்க்கரை 5.5க்கு வந்துவிட்டது, நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறுகிறார். கணவருக்கு மாத்திரையுடன் 6.4, இடுப்பில் நான்கு சென்டிமீட்டர் குறைவு. எடையில் மாற்றமில்லை. மாத்திரை தொடரும்.

மாட வீதிக்கு இன்னும் போகிறோம். மாதம் ஒருமுறை இரண்டு பஜ்ஜி வாங்கி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். மனைவி இப்போது அதைப் பிட்டு ஒளித்துத் தின்பதில்லை. சென்ற முறை, "உங்கள் வேகமான மெட்டபாலிசம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். கணவர் பதில் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாகச் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக இக்கட்டுரையின் கடைசியில் எழுதிவிடலாம் என்று வீடு திரும்பியதும் அவரே முன்மொழிந்தார். எழுதிவிட்டோம்.