கண்ணாடியில் ஒரு கோடு

எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் பக்கவாட்டில், கறுப்பு மார்க்கரால் இழுத்த ஒரு கோடு இருக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், என் கண் அந்தக் கோட்டுக்குத்தான் போகும். தண்ணீர் அதற்குக் கீழே சுண்டுவிரல் அகலம் இறங்கியிருக்கும். ஆர்.ஓ. தண்ணீரைக் கோடுவரை ஊற்றிவிட்டுத்தான் மறுவேலை. 2019இல் தொட்டி வைத்ததிலிருந்து இதுதான் வழக்கம்.

தொட்டி பெரியதல்ல. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். "கடல் தொட்டிக்கு நல்ல தண்ணியா ஊத்துறீங்க?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். கோடையில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் போகிறது. லிட்டருக்கு 35 கிராம் என்றிருக்கும் உப்பு அன்றே 36 ஆகிவிடும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 38ஐத் தாண்டியிருக்கும். ஆகவே அந்தக் கோடு எனக்காகப் போட்டதல்ல, பக்கத்து வீட்டுப் பையனுக்காகப் போட்டது. உப்பு, பி.எச். என்று அவனைக் குழப்பவில்லை. "கோடு வரைக்கும் ஊத்துடா, அவ்வளவுதான்" என்று சொல்லி சாவியைக் கொடுத்துவிட்டுப் போவேன்.

கடல் இங்கிருந்து 40 கிலோமீட்டர் கிழக்கே. கடற்காற்று வந்து சேர்வதற்குள் அனல் முந்திக்கொள்ளும் ஊர் இது. மே மாதம் வெளியே 40 டிகிரி, தொட்டிக்குள் இருப்பவை கேட்பதோ 26. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை. நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி இரண்டு சின்ன ஃபேன் வைத்தேன். மண்பானை குளிர்வதும் இப்படித்தான். இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். அறையிலும் வெயில் விழாமல் பார்த்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். ஆனால் ஃபேன் ஓடினால் தண்ணீர் வேகமாக வற்றும், வற்றினால் உப்பு ஏறும். இந்தத் தொட்டியில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும்.

தொட்டிக்குள் இருக்கும் கல்லை நானே வார்த்தேன். பவளக் கல்லான முருகைக்கல் கைக்கு வந்தாலும் வாங்கக் கூடாது. கல் வளர்க்கும் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் சிமென்ட்டுக்காகவும் பல்லாண்டு காலம் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் நீருக்குள் போய்விட்டன. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கல்லை வீட்டுக்குள் வைக்க மனம் வராது. ஒரு பங்கு வெள்ளைச் சிமென்ட், மூன்று பங்கு சிப்பித்தூளும் மணலும், கைப்பிடி கைப்பிடியாகக் கல்லுப்பு. உப்பு கரைந்த இடமெல்லாம் துளையாகும், அந்தத் துளைகளில்தான் பின்னால் பாக்டீரியா குடியேறும். புதுச் சிமென்ட் கக்கும் காரம் அடங்க, இரண்டு மாதம் டிரம்மில் ஊறப்போட்டுத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மாடியில் அந்த டிரம்மைப் பார்த்த ஹவுஸ் ஓனர், நான் ஏதோ சாராயம் காய்ச்சுவதாகவே நினைத்தார்.

தொட்டியில் பெரிய அதிசயம் எதுவுமில்லை. நண்பர் தொட்டியில் பெருகியதிலிருந்து வெட்டிக் கொடுத்த, பூப்போல விரியும் ஜோவாந்தஸ் என்ற கடலுயிரின் கொத்து, சில மஷ்ரூம் பவளங்கள், சில நத்தைகள், கடலில் பிடிக்காமல் வேறொரு தொட்டியில் பிறந்து வளர்ந்த ஒரு ஜோடி கோமாளி மீன். ஜோவாந்தஸ் வகையில் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அதை வெட்டுவதில்லை, அது ஒட்டிய கல்லில் கொதிநீர் ஊற்றுவதும் இல்லை.

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடத்துக்கு வருகிறேன். வேலை எனக்குத் தர ஆய்வுப் பிரிவில். வெர்னியரோ, மைக்ரோமீட்டரோ, அளவுத்திருத்த ஸ்டிக்கர் இல்லாத எந்தக் கருவியும் எங்கள் லைனுக்குள் வர முடியாது. தேதி ஒரு நாள் தாண்டினாலும் சிவப்பு டேக் விழும். அப்படிப்பட்டவன், வீட்டில் உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வாங்கிய நாளில் சுத்த நீரை விட்டுப் பூஜ்யம் பார்த்ததோடு சரி. மூன்றாம் வருஷம் ஜோவாந்தஸ் முழுசாக விரியாமல் பாதி மூடியே கிடந்தது. விளக்கைக் குறைத்தேன், கூட்டினேன், தண்ணீரை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் கொடுத்த 35 என்ற நிர்ணயக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 38இல் நின்றது. அப்படியானால் நான் 35 என்று நம்பியிருந்தது உண்மையில் 32. எத்தனை மாதமாகவோ தெரியவில்லை.

அன்றைக்கே உப்பைக் கரைத்து ஊற்றிச் சரிசெய்துவிடக் கை பரபரத்தது. தொழிற்சாலையில் அதுதான் சரி: தவறு தெரிந்தால் லைனை நிறுத்து, உடனே திருத்து. ஆனால் இரும்புத்துண்டு பழகிக்கொள்வதில்லை, உயிர் பழகிக்கொள்கிறது. 32ஐயே கடல் என்று நம்பி, அதற்கேற்றபடி தன் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் நீரை நிறுத்தி வைத்திருக்கிறது அந்தக் கொத்து. ஒரே நாளில் 35 ஆக்கினால், தவறான எண்ணில் பிழைத்தது சரியான எண்ணில் செத்துப்போகலாம். அதனால் தினமும் ஊற்றும் 3 லிட்டரில் ஒரு லிட்டரை மட்டும் உப்புநீராக்கினேன். ஒரு நாளைக்கு லிட்டருக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு ஏறியது. ஒன்பது, பத்து நாளில் 35. இரண்டாம் வாரம் ஜோவாந்தஸ் விரிந்தது. இப்போது ரிஃப்ராக்டோமீட்டரின் பிடியில் கம்பெனி பாணியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். கீழே கையெழுத்தும் நானே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் கரன்ட் இல்லை. மழைக் குளிரில் வெப்பம் ஒரு பிரச்சினையல்ல, ஓடாத நீரில் ஆக்சிஜன்தான் குறையும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் முதல் நாள் இரவே நின்றுவிட்டது. நானும் மனைவியும் பக்கத்து வீட்டுப் பையனும் முறை வைத்து, சொம்பில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். கால்மணிக்கு ஒருமுறை இருபது சொம்பு. ஒரு நத்தைதான் போயிற்று.

அடுத்த கோடையில் கோமாளி மீன் கல்லோரத்தில் முட்டையிட்டது. இரண்டில் பெரியது பெண். அது இல்லாமல் போனால் ஆணே பெண்ணாக மாறும். சின்னதாக இருக்கும் அப்பன்காரன்தான் எட்டு நாளும் பக்கச் செட்டையால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தான். ஆரஞ்சு நிறம் போய் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. குஞ்சுகளை வளர்க்கும் அளவுக்கு நுண்ணுயிர்த் தீனி என்னிடம் இல்லை, ஒன்றும் தேறவில்லை. மண்டபம் ஊரில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் இந்தக் குஞ்சு வளர்ப்பையே ஒரு தொழில்நுட்பமாக வளர்த்திருக்கிறார்கள் என்று படித்தபோது, அவர்களுடைய பொறுமை எவ்வளவு என்று புரிந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது பாலிடெக்னிக் சேர்ந்துவிட்டான். போன மாதம் வந்தவன், "அங்கிள், கோடு அழிஞ்சுட்டு வருது, புதுசா போடட்டுமா?" என்றான். அன்று நீர் அரை விரல் இறங்கியிருந்தது. நீர் நிற்கும் இடத்திலேயே இழுத்துவிடுவானோ என்று பார்த்தேன். முதலில் தண்ணீரை ஊற்றினான். பிறகு ஸ்கேலை வைத்து, மங்கிய கோட்டின் மேலேயே இழுத்தான்.