நஹானி ஓட்டை மேல கமோடு

அம்மாவுக்கு முட்டி மடங்கலை. அப்பாவுக்கு இந்தியன் கக்கூஸ்தான் சரிப்படும். தாபோடி வீட்ல இருக்கறதோ ஒண்ணே ஒண்ணு.

பிளம்பர் வழி சொன்னார்: குளியலறைத் தரையில தண்ணி போற ஓட்டை மேலயே (இங்கே நஹானி ட்ராப்னு சொல்லுவாங்க) வெஸ்டர்ன் கமோடை வெச்சுடலாமாம். "ஹோ ஜாயேகா சாப்!" இந்த ஊர்ல பாதி வீடு அந்த வார்த்தையிலதான் நிக்குதுங்க.

எங்கே போய்ச் சேருதுன்னு பார்க்காம நான் வவுச்சர்லயே கையெழுத்துப் போடறதில்லை. நஹானிக் குழாய் 75 மி.மீ.; கமோடுக்கு 100ஆவது வேணும். அதைவிடப் பெரிய வில்லங்கம், எங்க கட்டிடத்துல குளிச்ச தண்ணிக்குத் தனிக் குழாய், கக்கூஸுக்குத் தனிக் குழாய். குளிச்ச தண்ணி கீழே ஜன்னலோரம் இருக்கற கல்லி ட்ராப்புக்குப் போகுது. மலமும் அங்கேயே போனா தரைத்தள வீட்டுக்காரங்க கதி? போதாததுக்கு, நாத்தம் தடுக்கற தண்ணி வளைவு கமோடுக்குள்ள ஒண்ணு, நஹானியில இன்னொண்ணு. அடைச்சுக்காம என்ன செய்யும்?

வேண்டாம்னுட்டேன். பழைய பேசினையும் அதுக்கு அடியில இருந்த ட்ராப்பையும் எடுத்துட்டு, அதே 100 மி.மீ. குழாய்ல கமோடு. வாங்கறதுக்கு முன்னாடி டைல்ஸ் ஒட்டின சுவத்திலேர்ந்து ஓட்டையோட நடு வரைக்கும் அளந்துக்கோங்க. வாட்டர்ப்ரூஃபிங் மறுபடி போட்டதுல செலவு எகிறிடுச்சு.

அப்பா நாலு நாள் முகம் கொடுத்துப் பேசலை. அம்மா கேட்டது ஒண்ணுதான்: "பிடிச்சு எந்திரிக்கக் கைப்பிடி எங்கேடா?" நாளைக்கு அதே பிளம்பர் வர்றார்.